‘ஹ’ எழுத்துக்காக ஒரு போர்: பாஸ்க் வட்டார வழக்குகளும் 1968ஆம் ஆண்டின் முடிவும்

1968 அக்டோபர் 3 முதல் 5 வரை, வடக்கு ஸ்பெயினில் அராந்த்சசு என்ற மலைக்கோயிலில் பாஸ்க் மொழி அகாதமி கூடியது. பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் அது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்காலம். அந்த ஆகஸ்டில்தான் கிபுஸ்கோவா மாகாணம் முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. காவல்துறை யாரை வேண்டுமானாலும் பிடித்து உள்ளே தள்ளலாம். அப்படிப்பட்ட நேரத்தில் மலையேறி வந்தவர்கள் மூன்று நாள் பேசியது எழுத்துக்கூட்டைப் பற்றி, வேற்றுமை உருபுகளைப் பற்றி, எந்த ஊர்ச் சொல்லைப் பொதுச்சொல்லாகக் கொள்வது என்பதைப் பற்றி.

அவர்கள் முன்னிருந்த சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியதுதான். பாஸ்க் மொழிக்கு வட்டார வழக்குகள் பல இருந்தன. எல்லாருக்குமான ஓர் எழுத்துமொழி இல்லை. பள்ளிக்கூடத்தில் எதைக் கற்பிப்பது, நாளிதழை எதில் அச்சிடுவது என்று கேட்டால் பதில் இல்லை. அராந்த்சசுவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. ‘ஒன்றாக்கப்பட்டது’ என்ற பொருளில் ‘பத்துவா’ என்று இன்று அழைக்கப்படும் பொதுமொழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, எங்கே பலித்தது, எங்கே உறுத்துகிறது என்பதே இந்த ஆய்வு.

கூடிய இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அராந்த்சசு ஒன்யாத்தி ஊரைச் சேர்ந்தது. நிர்வாகக் கணக்கில் கிபுஸ்கோவா மாகாணம். ஆனால் அங்கே பேசுவது அண்டை மாகாணமான பிஸ்காயாவின் வழக்கு. மாகாண எல்லையும் மொழி எல்லையும் ஒத்துப்போகாத ஓர் ஊரில் உட்கார்ந்துதான் மொழியை ஒன்றாக்கப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வீடு

பாஸ்க் நாடு என்று அம்மக்கள் சொல்வது ஏழு மாகாணங்களை. பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா, நவார் ஆகிய நான்கும் ஸ்பெயினில். லபூர்தி, கீழ் நவார், சுபெரோவா ஆகிய மூன்றும் பிரெனே மலைக்கு அப்பால் பிரான்சில். சுற்றிலும் லத்தீன் வழி வந்த மொழிகள் நிறைந்திருக்க, இந்த மொழிக்கு மட்டும் உலகில் உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. 2021இல் எடுத்த கணக்கெடுப்பின்படி 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 30.6 சதவீதத்தினர், அதாவது 8 லட்சம் பேர் அளவில், இதைப் பேசுகிறார்கள்.

பேச்சு வேறுபாடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. 1571இல் புதிய ஏற்பாட்டைப் பாஸ்க் மொழியில் பெயர்த்து லா ரொஷேல் நகரில் அச்சிட்ட யொவானெஸ் லெய்சர்ராகா, இந்த நாட்டில் பேச்சுமுறை ஏறக்குறைய ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கே மாறுவதை எல்லாரும் அறிவார்கள் என்று முன்னுரையில் எழுதினார். பின்வந்த பாஸ்க் எழுத்தாளர் பலரும் பேனாவை எடுத்ததும் இதே புலம்பலைத்தான் முதலில் பாடினார்கள்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? மொழியின் பெயரிலேயே இருக்கிறது. பிஸ்காயாவில் எவுஸ்கெரா, லபூர்தியில் எஸ்குவாரா, சுபெரோவாவில் உதட்டைக் குவித்து இகரம் சொல்வது போன்ற ஒலியில் தொடங்கும் உஸ்கரா. ‘எனக்கு உண்டு’ என்ற பொருளில் ஓயாமல் புழங்கும் துணைவினை பிஸ்காயாவில் தொத், கிபுஸ்கோவாவில் தெத், வேறு பல இடங்களில் துத். ‘உண்’ என்ற வினையை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வாய்க்கு வரும்போது கிபுஸ்கோவாக்காரர் தொண்டையைச் செருமி ஹான் என்பார், லபூர்திக்காரர் யான் என்பார், பிஸ்காயாவின் பல ஊர்களில் ஜான் என்று கேட்கும்.

கிழமைப் பெயர்கள் இன்னும் சுவாரசியமானவை. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஆறு நாளுக்கும் பிஸ்காயாவில் தனிப்பெயர். பொதுமொழியில் வெள்ளி ஒஸ்திரலா, பிஸ்காயாவில் பரிக்கு. ‘இரவுச் சாப்பாடு இல்லாத நாள்’ என்ற தொடர் தேய்ந்து அப்படி ஆயிற்று என்பார்கள். கத்தோலிக்கரின் வெள்ளிக்கிழமை நோன்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை சப்பாத்து, ஞாயிறு தொமேக்கா. இரண்டும் தேவாலய லத்தீனிலிருந்து வந்தவை. பிஸ்காயாவின் பில்பாவோ நகரப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டு “இன்றைக்கு என்ன கிழமை என்கிறான் இவன்?” என்று கேட்டால் குற்றம் அவளுடையது அல்ல.

இளவரசரின் வரைபடம்

இந்தக் குழப்பத்தை முதலில் முறையாக வகைப்படுத்தியவர் ஒரு வெளியூர்க்காரர். மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன் லூயி லூசியான் பொனபார்ட். இங்கிலாந்தில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை லண்டனில் கழித்தவர். பணத்துக்குக் குறைவில்லை, மொழிகளின் மேல் தீராத பித்து. 1856க்கும் 1869க்கும் இடையில் ஐந்து முறை பாஸ்க் நாட்டுக்குப் போனார்.

அவருடைய முறை இன்று பார்த்தாலும் புத்திசாலித்தனமானது. ஒரே விவிலியப் பகுதியை வெவ்வேறு ஊர்க்காரர்களிடம் கொடுத்து அவரவர் வழக்கில் பெயர்க்கச் சொன்னார். லபூர்திக்கு துவுவாசான் என்ற சுங்கத்துறைக் கேப்டன், சுபெரோவாவுக்கு இன்சவுஸ்பே என்ற குருவானவர், பிஸ்காயாவுக்கு உரியார்த்தே என்ற துறவி. மூலம் ஒன்றாக இருந்ததால் வேறுபாடு எங்கே என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்தது. துவுவாசான் ஒருபடி மேலே போய் விவிலியம் முழுவதையும் பெயர்த்துக் கொடுத்துவிட்டார்.

1863 என்று தேதியிட்ட வரைபடத்தில் பொனபார்ட் பாஸ்க் மொழியை 8 வழக்குகளாகவும், அவற்றை 25 கிளைகளாகவும், அவற்றையும் 50 வகைகளாகவும் பிரித்தார். அளவுகோலாக அவர் பெரிதும் நம்பியது வினைச்சொல்லின் வடிவங்களை. நூறாண்டுக்கும் மேலாக அந்தப் பகுப்பே பாடப்புத்தகமாக இருந்தது. 1998இல் கோல்தோ சுவாசோ அதைத் திருத்தி மேற்கு, நடு, நவார், கிழக்கு நவார், நவார்–லபூர்தி, சுபெரோவா என்று ஆறாக்கினார். மாகாணப் பெயர்களைக் கூடியவரை தவிர்த்ததில் அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது: வழக்கு மாகாணத்தின் சொத்தல்ல.

இந்த வழக்குகள் எவ்வளவு பழையவை? ரோமானியர் காலத்து இனக்குழுக்களின் எல்லைகளே இன்றைய வழக்கு எல்லைகள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும் கதை. ஆனால் மொழியின் உள்ளமைப்பு அதை ஆதரிக்கவில்லை. வழக்குகளுக்கு இடையே பொதுவானவை மிக அதிகம். அவை பிரிந்து அவ்வளவு காலம் ஆகியிருக்க முடியாது. கோல்தோ மிச்செலேனா பிரிவு தொடங்கியதை ரோமானியர் காலத்துக்குப் பிந்தியது என்றார். சுவாசோ இடைக்காலத்துக்கு இறக்கினார். நான் இவர்கள் பக்கம். இதில் மறைமாவட்டங்களுக்கும் பங்கு உண்டு: கிபுஸ்கோவாவுக்குள்ளேயே மேற்கு வழக்கு பேசும் தெபா பள்ளத்தாக்கு பழைய நாளில் கலஓரா ஆயரின் கீழ் இருந்தது, மற்றப் பகுதி பம்பலோனா, பயோன் ஆயர்களின் கீழ். எந்தச் சந்தைக்குப் போனார்கள், எந்த ஆயருக்குக் கட்டுப்பட்டார்கள் என்பது பேச்சில் பதிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒன்யாத்தியின் புதிருக்கும் விடை இதுதான்.

யாருடைய வழக்கு?

பொதுமொழி வேண்டும் என்பதில் பலருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. யாருடையது என்பதில்தான் எல்லாச் சண்டையும். 1919இல் அகாதமி நிறுவப்பட்டபோதே அதன் கடமைகளில் ஒன்றாக இது இருந்தது. முதல் தலைவர் அஸ்குவே பெரிய அகராதிக்காரர், பிஸ்காயாவில் பிறந்தவர். அவரே தம் ஊர் வழக்கை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் கிபுஸ்கோவா வழக்கை எடுத்து மற்ற வழக்குகளால் நிரப்பிக்கொள்ளலாம் என்று 1930களில் முன்மொழிந்தார். பெருந்தன்மையான யோசனை, ஆனால் 1936இல் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. அதன் பிறகு பொது இடத்தில் பாஸ்க் பேசுவதே ஆபத்தான காலம்.

போருக்குப் பின் ஃபெதெரிகோ க்ருட்விக் வேறு வழி சொன்னார்: லெய்சர்ராகாவின் பழைய லபூர்தி எழுத்துநடையையே எடுத்துக்கொள்வோம். இலக்கிய மரபு அங்கேதான் செழித்திருந்தது என்பது உண்மை. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் நடையை 20ஆம் நூற்றாண்டின் ஆலைத் தொழிலாளியிடம் கொடுத்து எழுது என்பது நடக்கிற காரியமா? பில்பாவோவில் பிறந்து, தானாகவே பாஸ்க் கற்றுக்கொண்ட கவிஞர் கப்ரியேல் அரெஸ்திகூட முதலில் அந்த யோசனையில் மயங்கிப் பிறகு ஒதுங்கினார். 1964இல் பயோன் நகரில் இளைய எழுத்தாளர்கள் கூடித் தங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். அகாதமிக்கு நெருக்கடி கூடியது: நீங்கள் முடிவெடுக்கிறீர்களா, நாங்களே எடுத்துக்கொள்ளவா?

அராந்த்சசுவில் அறிக்கையை வைத்தவர் மிச்செலேனா. 1915இல் எர்ரென்தெரியாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் அது குறைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பிராங்கோவின் சிறைகளில் இருந்தவர். பாஸ்க் மொழியின் ஒலி வரலாற்றை அவர் அளவுக்கு அறிந்தவர் அன்றைக்கு இல்லை. ஒன்றுபடுவது இந்த மொழிக்குச் சாவா வாழ்வா என்ற கேள்வி என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அடித்தளமாக அவர் காட்டியது நடுப்பகுதியை: கிபுஸ்கோவா, மேல் நவார் (ஸ்பெயின் பக்கத்து நவார்), லபூர்தி. விளிம்பில் இருப்பவை பிஸ்காயாவும் சுபெரோவாவும். அவை மட்டமானவை என்று அவர் சொல்லவில்லை. நடுவில் இருப்பதை எல்லாரும் எட்டிப்பிடிக்க முடியும் என்றார். வாதம் நியாயமானது. ஆனால் ‘விளிம்பு’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஹகரச் சண்டை

பெரும் பூசல் வெடித்தது ஒரே ஓர் எழுத்தின் மேல். பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க்கியர்கள் ஹகரத்தை உச்சரித்தார்கள், எழுதினார்கள். ஸ்பெயின் பக்கத்தில் அந்த ஒலி வாயிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

எழுதினால் என்ன பயன்? மூன்று சொற்களைப் பாருங்கள். அரி என்றால் ஒரு வேலையில் ஈடுபட்டிருப்பது. ஹரி என்றால் நூல். அஹரி என்றால் ஆட்டுக்கடா. தெற்கே மூன்றும் அரி, அரி, ஆரி என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும். ஹகரம் இருந்தால் தாளில் பிரிந்து நிற்கும். அதோடு, வடக்கத்தியரின் எழுத்துமுறையை அடியோடு கைவிட்டுவிட்டு அவர்களையும் சேர்த்து ஒரு மொழி என்று சொல்ல முடியாது. ஹரியை அரி என்று எழுதுவதா வேண்டாமா என்று வாதிட்டுப் பழகிய தமிழருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

மிச்செலேனா பாதி வழி போனார். மெய்யெழுத்தை அடுத்து வரும் ஹகரத்தை வடக்கத்தியர் விட்டுவிட வேண்டும்: அவர்களின் ‘எத்ஹொர்ரி’ இனி ‘எத்தொர்ரி’. சொல் முதலிலும் உயிர்களுக்கு நடுவிலும் வரும் ஹகரத்தைத் தெற்கத்தியர் ஏற்க வேண்டும்: அவர்களின் ‘சார்’ இனி ‘சஹார்’, பழையது என்று பொருள். உச்சரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, எழுதினால் போதும்.

இந்த ஏற்பாடு எல்லாரையும் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஹகரம் எழுதுபவர் இடதுசாரி, மதப்பற்று இல்லாத இளைஞர். எழுதாதவர் பழைய தேசியவாதி, தேவாலயத்துக்காரர் என்று முத்திரை குத்தும் நிலை வந்தது. ஒருவர் எந்தக் கட்சி என்பதை அவர் எழுதிய கடிதத்தின் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற அளவுக்கு. பொதுமொழியை ஏற்காதவர்கள் பிரிந்துபோய்த் தனி அமைப்பும் கண்டார்கள். மொழியியல் கணக்கில் ஹகரம் சின்ன விஷயம். அதன் மேல் ஏற்றப்பட்ட சுமை முழுவதும் அரசியல். பிராங்கோ காலத்தில் நேராகப் பேச முடியாததையெல்லாம் இந்த எழுத்தின் தலையில் கட்டிப் பேசினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1978இல் பெர்காரா நகரில் அகாதமி மறுபடி கூடிப் பத்தாண்டு அனுபவத்தைப் பார்த்து முடிவை உறுதிசெய்தபோது சண்டை ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. இளைய எழுத்தாளர்களும் பள்ளிகளும் அதற்குள் பத்துவாவில் எழுதத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

வினைச்சொல்லைத் தள்ளிவைத்தது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், 1968இல் செய்யாமல் விட்டது. வழக்குகள் மிகக் கடுமையாக மாறுபடுவது வினைச்சொல்லில். பாஸ்க் துணைவினை ஒன்றே யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற மூன்றையும் தன்னுள் காட்டும். ‘நான் அவருக்கு அதைக் கொடுத்தேன்’ என்பது பொதுமொழியில் எமன் தியொத். (எமன் என்றால் இங்கே கொடுப்பதுதான், எடுப்பதல்ல.) பிஸ்காயாவில் எமொன் தெவுட்சத். லபூர்திப் பக்கம் எமன் தகொத். ஆள் மாற, எண் மாற, காலம் மாற, இப்படி ஒவ்வொரு வழக்கிலும் நூற்றுக்கணக்கான வடிவங்கள்.

இதை முதல் நாளே மேசைமேல் வைத்திருந்தால் கூட்டம் மூன்று நாளில் முடிந்திருக்காது, முறிந்திருக்கும். அறிக்கை எழுத்துக்கூட்டையும் பெயர்ச்சொல்லையும் சொற்களையும் முன்னால் நிறுத்தியது. துணைவினை வடிவங்களை அகாதமி முடிவு செய்தது 1973இல், எழுத்தாளர்களுக்குப் பொது எழுத்துக்கூட்டு பழகிய பிறகு. இது தந்திரமா, தற்செயலா என்று கேட்டால் இரண்டும் கலந்தது என்பேன்.

பள்ளிக்கூடம் வந்த பிறகு

1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா மூன்றிலும் பாஸ்க் ஆட்சிமொழியாயிற்று. 1982ஆம் ஆண்டின் கடைசி நாளில் பாஸ்க் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பாடங்கள் எல்லாவற்றையும் பாஸ்க்கிலேயே கற்பிக்கும் பள்ளிகள் பெருகின. இவை அனைத்துக்கும் ஒரே எழுத்துமொழி தயாராக இருந்தது. 1968இல் முடிவு எடுக்காமல் போயிருந்தால் 1982இல் எந்த வழக்கில் செய்தி வாசிப்பது என்ற சண்டையில் பத்தாண்டு போயிருக்கும். இன்று தன்னாட்சிப் பகுதியில் 16 முதல் 24 வயது வரையிலானவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பாஸ்க் தெரியும். அவர்களில் பெரும்பங்கினர் வீட்டில் கற்காமல் பள்ளியில் கற்றவர்கள். அராபாவின் தலைநகர் கஸ்தேயிஸ் போன்ற நகரங்களில் பழைய ஊர்ப்பேச்சு மறைந்து வெகுகாலம் ஆயிற்று. அங்கே பத்துவா எந்த வழக்கையும் இடம்பெயர்க்கவில்லை, காலியாகக் கிடந்த இடத்துக்குத்தான் வந்தது.

பிஸ்காயாவில் கதை அப்படியல்ல. லெகெய்த்தியோ, பெர்மெயோ போன்ற மீனவ ஊர்களில் வீட்டுப்பேச்சு உயிரோடு இருந்தது, இருக்கிறது. வீட்டில் தொத் என்று பேசும் பிள்ளை பள்ளியில் துத் என்று எழுத வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. பொதுமொழியில் ‘நீங்கள்’ என்பதும் ‘நெருப்பு’ என்பதும் வெவ்வேறு சகரங்களால் எழுதப்படும்: முதலாவது நாவின் நுனிக்குப் பின்புறத்தால் ஒலிப்பது, இரண்டாவது நுனியால் ஒலிப்பது. பிஸ்காயாவில் இந்த இரண்டு ஒலிகளும் கலந்துவிட்டன; இரண்டு சொல்லும் ‘சூ’தான். காதுக்குக் கேட்காத வேறுபாட்டை மனப்பாடம் செய்து எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கோ, தாங்கள் பேசுவது ‘நல்ல பாஸ்க் அல்ல’ என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டது. ஸ்பானியம் தெரியாததற்காக ஒரு தலைமுறை கூனிக் குறுகியது. தன் சொந்த மொழியின் புதிய வடிவம் தெரியாததற்காக அடுத்ததும் குறுக வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. தெரியோ நகரின் குருமடத்தில் 1970இல் தொடங்கிய லபாய்ரு நிறுவனம் பிஸ்காயா வழக்கிலேயே நூல்கள் வெளியிட்டு வந்ததற்குப் பின்னணி இதுதான். அகாதமியும் பிற்காலத்தில் இறங்கிவந்து, பள்ளியிலும் உள்ளூர் ஊடகங்களிலும் வழக்குகளுக்கு இடம் உண்டு என்று அறிக்கை வெளியிட்டது.

மறுமுனையில் சுபெரோவா. பிரான்சில் பாஸ்க்குக்கு ஆட்சிமொழித் தகுதியே கிடையாது. அங்கே வழக்கைத் தாங்கி நிற்பது பாஸ்தொரால் என்னும் ஊர் நாடகம். கோடையில் ஓர் ஊரே சேர்ந்து திறந்தவெளியில் மணிக்கணக்கில் பாட்டாகவும் வசனமாகவும் நடிக்கும். மொழி சுபெரோவா வழக்கு, குவிந்த உதட்டு ஒலி உட்பட. அதைப் பத்துவாவில் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் ஊர் சிரிக்கும்.

ரொன்கால்

பொதுமொழி வழக்குகளைக் கொன்றுவிட்டது என்ற குற்றச்சாட்டை எடைபோட நவாரின் கிழக்கு மூலையில் உள்ள ரொன்கால் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். சுவாசோ ‘கிழக்கு நவார்’ என்று குறித்த வழக்கின் இடங்களில் ஒன்று அது. ரொன்கால் பேச்சின் கடைசிப் பேச்சாளரான ஃபிதேலா பெர்னாத் 1991இல் இறந்தார். அந்தப் பேச்சு அவரோடு முடிந்தது.

பத்துவா அந்தப் பள்ளத்தாக்கை எட்டியும் பார்க்காத காலத்திலேயே அழிவு தொடங்கிவிட்டது. ரொன்காலின் ஆண்கள் குளிர்காலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பார்தேனா சமவெளிக்குப் போவார்கள், அங்கே ஸ்பானியம். இளம்பெண்கள் மலையைத் தாண்டிச் சுபெரோவாவின் மவுலே ஊருக்கு, கயிற்றடிச் செருப்பு ஆலைகளில் வேலை செய்யப் போவார்கள். இலையுதிர்காலத்தில் போய் வசந்தத்தில் திரும்பும் அவர்களைத் ‘தகைவிலான்கள்’ என்றே அழைத்தார்கள். சுபெரோவாப் பேச்சு ரொன்கால் பேச்சுக்கு மிக நெருக்கம் என்பதால் அங்கே அவர்களின் மொழி உதவியது. ஆண்கள் தங்களுக்குள் ஸ்பானியத்திலும் பெண்களோடு பாஸ்க்கிலும் பேசுவதைப் பொனபார்ட்டே குறித்திருக்கிறார். பிறகு பள்ளிக்கூடம். பாஸ்க் பேசிய பிள்ளையின் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுத்து, அடுத்துப் பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அதைத் தள்ளிவிட வைத்து, இறுதியில் வைத்திருந்தவருக்குத் தண்டனை தரும் வழக்கம் மலையின் இரு பக்கத்துப் பள்ளிகளிலும் இருந்தது. பிள்ளைகளிடம் ஸ்பானியம் மட்டுமே பேசுவது என்று பெற்றோர் முடிவு செய்தபோது கதை முடிந்தது.

எனவே கொலைக் குற்றத்திலிருந்து பத்துவாவை விடுவிக்கலாம். ஆனால் வேறொரு குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் பேசும் ஒருமை வழக்கு பாஸ்க்கில் உண்டு. கேட்பவர் ஆணா பெண்ணா என்பதை நம் ‘டா’, ‘டி’ போல வினையிலேயே காட்டும். ‘வந்தார்’ என்பதை நண்பனிடம் எத்தொர்ரி துக் என்றும் தோழியிடம் எத்தொர்ரி துன் என்றும் சொல்வார்கள். பொதுமொழி இலக்கணத்தில் இதற்கு அட்டவணை இருக்கிறது. பள்ளியில் பாஸ்க் கற்ற பிள்ளைகள் அதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மைதானத்தில் திட்டிக்கொள்ளும்போது ஸ்பானியத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எழுத்துக்கென்று செய்த மொழியை விளையாட்டுக்கும் காதலுக்கும் வம்புக்கும் போதுமானதாக்க அகாதமியால் முடியாது. பில்பாவோ பள்ளிகளில் சில ஆசிரியர்கள் இப்போது பிள்ளைகளைப் பக்கத்து ஊர்களுக்கு அழைத்துப்போய் முதியவர்களோடு பேசவைப்பதும், ‘பரிக்கு’ என்று கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையைத் தொடாமல் விடுவதும் அதனால்தான்.